ஒன்பதாவது துளை

கேஸ் கட்டிங்கில் போட்ட துளையைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். ஐம்பது மில்லிமீட்டர் கனத்துக்கு நல்ல இரும்பு பிளேட்டை வாங்கிப் போட்டு, அதில் நெருப்பைக் காட்டி, எலி கடித்த தேங்காய் மாதிரி ஒரு பொத்தலைப் போட்டுவிட்டு ‘ஹோல் ரெடி’ என்பான். மேலே ஒரு அளவு இருக்கும், கீழே ஒரு அளவு இருக்கும். உள்சுவர் முழுக்க உருகி வழிந்து கட்டி தட்டிப் போயிருக்கும். அதற்குள் ஒரு போல்ட்டை விட்டு, சுத்தியலால் நாலு சாத்து சாத்தி, போகாவிட்டால் இன்னும் கொஞ்சம் அறுப்பான். செய்கிறவனுக்கும் அருவருப்பு இல்லை, செய்யச் சொன்னவனுக்கும் இல்லை. எனக்கு மட்டும் ஏன் வயிற்றைப் புரட்டுகிறது என்று தெரியவில்லை.

என் ஷெட் அரியமங்கலத்தில் இருக்கிறது. தகரக் கூரை, ஒரு ரேடியல் டிரில்லிங் மிஷின், பிளேட்டைத் தூக்க ஒரு செயின் பிளாக், நான். கனமான பிளேட்டில் பெரிய துளை போடுவது மட்டும்தான் என் தொழில். சுண்ணாம்பு தடவி, கோடு கிழித்து, மையத்தில் பஞ்ச் அடித்து, முதலில் பன்னிரண்டு எம்.எம். பிட், அப்புறம் இருபத்தைந்து, கடைசியில் முழு அளவு. அவசரப்பட்டு ஒரே பிட்டில் இறக்கினால் அது ஆடும். ஆடினால் துளை முட்டை வடிவத்துக்குப் போய்விடும். பால் நிறத்துக் கூலன்ட் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, இரும்பு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று லீவரில் இருக்கும் கைக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு பக்க விளிம்பையும் சாய்வாகச் சீவிவிட்டு, விரலை விட்டு ஒரு சுற்று சுற்றுவேன். எங்காவது பிசிறு தட்டினால் அந்த பிளேட் என் ஷெட்டை விட்டு வெளியே போகாது.

“உங்களுக்கு ஊர்ல யாரு செஞ்ச வேலையும் புடிக்காது” என்பாள் என் மனைவி லூர்துராணி. உண்மைதான். துருவைத் தேய்க்காமல் அதன் மேலேயே பெயின்ட் அடிக்கிறவனைப் பிடிக்காது. புழு நெளிகிற மாதிரி வெல்டிங் இழுக்கிறவனைப் பிடிக்காது. எதிர்க் கடையில் கிளாஸ் கழுவுகிற தண்ணீரை ஒருநாள் எட்டிப் பார்த்ததிலிருந்து டீயும் பிடிக்காது.

எனக்கு வருகிற படங்களும் அப்படித்தான். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு சதுரம், அதற்குள் நாலு வட்டம், ‘சுமாரா மூணு இஞ்ச் தள்ளி’ என்று ஒரு குறிப்பு. இரும்பில் என்ன சுமார் வேண்டிக்கிடக்கிறது? இப்படிப்பட்ட குப்பைகளுக்கு நடுவில்தான் போன வைகாசியில் யாழினியின் படம் வந்தது. எல்லா அளவும் ஒரே மூலையிலிருந்து ஆரம்பித்து எழுதப்பட்டிருந்தது. துளையின் அளவு, இடம், எத்தனை என்று கேள்வி கேட்க எதுவும் மிச்சமில்லை. அப்படியொரு படத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

யாழினி கட்டட இன்ஜினியர். ஸ்ரீரங்கத்தில் மேலச் சித்திரை வீதியில் ஒரு மாடி அறையில் ஆபீஸ். இருபத்தெட்டு வயசுக்கு மேல் இருக்காது. படத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காமல், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரியைத் தாண்டி என் ஷெட்டுக்கே வந்துவிட்டாள். நான் முடித்து வைத்திருந்த வேறொரு பிளேட்டின் துளைக்குள் விரலை விட்டு ஒரு சுற்று சுற்றினாள். நான் செய்வதைப் போலவே செய்தாள்.

“நல்லா இருக்குண்ணா” என்றாள். “எனக்கும் இதே மாதிரிதான் வேணும். பன்னெண்டு பிளேட், ஒவ்வொண்ணுலயும் எட்டு ஹோல், நாப்பத்தி ரெண்டு எம்.எம். சமயபுரம் தாண்டி ஹைவேல ஒரு கல்யாண மண்டபம். எல்லாத் தூணுக்கும் அடில இந்த பிளேட்தான் உக்காரப் போகுது.”

“செஞ்சுடலாம் மேடம்.”

“இதுவரைக்கும் எங்க சார் கையெழுத்துல வேல பாத்தேன். இது மொத தடவ என் சொந்தக் கையெழுத்து.” கொஞ்சம் வெட்கத்தோடு அதைச் சொன்னாள்.

அந்தத் தூண்கள் எப்படி நிற்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரையில் கான்கிரீட் மேடை. அதற்குள் மூன்றடி ஆழத்துக்குப் புதைத்த எட்டு போல்ட்டுகள் மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். தூணின் அடியில் வெல்டு செய்த என் பிளேட்டை அந்த எட்டின் மேல் இறக்கி, நட்டு போட்டு இறுக்குவார்கள். காற்று கூரையைத் தூக்கப் பார்க்கும்போது கட்டடத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த எட்டு போல்ட்டுகள்தான்.

பன்னிரண்டு பிளேட்டையும் முடித்தேன். தொண்ணூற்றாறு துளை. ஒன்றிலும் பிசிறு இல்லை. எடுத்துப் போக மண்டபத்தின் சொந்தக்காரரே வந்தார். பெரியண்ணன் என்று பெயர். ஜீயபுரத்தில் வாழைத் தோட்டம், காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி. விரலில் நாலு மோதிரம், நாலிலும் வெவ்வேறு கல். அழுக்கு படாமல் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் பிளேட்டைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“என்ன தைரியராஜு, எட்டா இருக்கு?”

“படத்துல எட்டுதாங்க ஐயா.”

அவர் முகம் இருண்டது. “எட்டு சனியோட நம்பர்யா. கல்யாணம் நடக்குற எடத்துல, தூணுக்குத் தூண் எட்டா? யாருக்குத் தாலி தங்கும்? எனக்கு எண் பாக்குறவரு கார் நம்பர்லேந்து கடை போன் நம்பர் வரைக்கும் எட்டு வராம பாத்துக் குடுத்திருக்காரு. இன்னொரு ஓட்டை போட்டு ஒம்போதா ஆக்கிடு.”

“கான்கிரீட்டுல எட்டு போல்ட்தானே நிக்குது? ஒம்போதாவது ஓட்டையில என்னத்த விடுவீங்க?”

“அதெல்லாம் கொத்தனார்கிட்ட பேசிட்டேன். ஒரு துண்டு போல்ட்ட மேலாக்க சொருகி, சிமென்ட் வெச்சு நிறுத்திடுவான். பாக்க ஒம்போது இருக்கணும், அவ்வளவுதான்.”

கட்டடம் நிற்குமா என்று கவலைப்படாமல், சனி பகவான் கணக்குப் பார்க்க வருவாரா என்று கவலைப்படுகிற ஒரு மனுஷன். அந்தச் சனியை ஏமாற்ற ஒரு பொய் போல்ட். எனக்கு எரிச்சலாக வந்தது. “மேடத்த ஒரு வார்த்த கேட்டுக்கங்க” என்றேன்.

“அந்தப் புள்ளயக் கேட்டா வேணாம்னும், இல்ல வேற படம் போடணும்னும், அதுக்குப் பதினஞ்சு நாளுன்னும். ஆனில தூண் நிறுத்தப் பூஜ போட்டாகணும். நீ போடலைன்னா போ. சைட்ல கேஸ் கட்டிங் வெச்சு அவனுங்களே பொத்துக்குவானுங்க.”

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். என் பிளேட்டில் கேஸ் வைப்பதா? எட்டுத் துளை கண்ணாடி மாதிரி இருக்க, பக்கத்தில் கருகி வழிந்த ஒரு பொத்தல். பார்க்கிறவன் ஒன்பதையும் நான் போட்டதாகத்தானே நினைப்பான்? யாழினிக்கு போன் செய்யலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். போன் சட்டைப் பையிலேயே இருந்தது, கை முழுக்கக் கூலன்ட். வெறும் டம்மிதானே, தொலையட்டும், ஆனால் சுத்தமாகத் தொலையட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டும் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று இருந்தன. பிளேட்டின் குறுகிய பக்கத்தில், நட்டநடுவில், ஒன்பதாவதுக்குப் பஞ்ச் அடித்தேன். பன்னிரண்டு, இருபத்தைந்து, நாற்பத்திரண்டு. விளிம்பைச் சீவி, விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு பிளேட்டிலும் அதே மாதிரி. எது படத்தில் உள்ளது, எது மோதிரக்காரர் சொன்னது என்று யாராலும் பிரிக்க முடியாது. எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது. இப்போது அதை எழுதவே கூசுகிறது.

ஆடி பிறந்தது. காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போனது. இரண்டாவது வாரத்தில் ஜெகபர் அலி போன் செய்தார். பாலக்கரைக்காரர், இரும்புக் கட்டடம் ஏற்றுகிற மேஸ்திரி. அந்த மண்டபத்தின் தூண்களை நிறுத்துகிற வேலை அவரிடம் இருந்தது. நான் மதிக்கிற மூன்று நாலு பேரில் ஒருவர்.

“அண்ணே, மேக்னட் டிரில்ல எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் சைட்டுக்கு வர முடியுமா? பதினொண்ணாவது தூண் உக்கார மாட்டேங்குது. ஒரு ஹோல மட்டும் லேசா பெருசு பண்ணணும். கேஸ்ல பண்ணிடலாம். ஆனா உங்க பிளேட்டப் பாத்துட்டுக் கேஸ் வைக்க மனசு வரல.”

அந்த ஒரு வார்த்தைக்காகவே காந்தத்தால் இரும்பிலேயே ஒட்டி நின்று துளை போடுகிற அந்தச் சின்ன டிரில்லை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். காவிரிப் பாலத்திலும் கொள்ளிடப் பாலத்திலும் வண்டியைக் காற்று பக்கவாட்டில் அடித்தது. சமயபுரம் முக்கில் மஞ்சள் சேலைக் கூட்டம். அதைத் தாண்ட அரை மணி நேரம் ஆனது. சைட்டில் பத்துத் தூண்கள் ஏறியிருந்தன. அவற்றின் மேல் கூரைச் சட்டங்கள் போட்டாகிவிட்டது. முப்பதடி உயரத்தில் நாலு பேர் சட்டத்தின் மேல் உட்கார்ந்து தகடு பதித்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றாவது தூண் மட்டும் கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது, பிளேட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் முழங்கை உயரம் இடைவெளி.

ஜெகபர் அலி குனிந்து காட்டினார். “கான்கிரீட் போட்டவனுங்க போல்ட்ட நிறுத்துறதுக்கு இரும்புச் சட்டம் வெக்கல, பலகை வெச்சிருக்கானுங்க. பலகை தண்ணி குடிச்சு வெலகிருச்சு. இதுல ரெண்டு போல்ட் தள்ளி நிக்குதுண்ணே. ஒண்ண அறுத்துட்டேன். இன்னொண்ணையும் அறுத்தா ஏழாயிடும். படத்துல எட்டு கேட்டிருக்காங்களே. அதான் உங்களக் கூப்பிட்டேன்.”

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. “ஒண்ண அறுத்துட்டீங்களா?”

“ஒம்போது இருக்குல்ல? படத்துல எட்டுதான். கூடுதலா ஒண்ணு குடுத்திருக்காங்க, எதாவது சேரலைன்னா விட்டுக்கலாம்னு. வெவரமான இன்ஜினியரம்மா. நானே பாத்து அசந்துட்டேன். மூணாவது தூண்லயும் ஏழாவதுலயும்கூட ஒண்ணொண்ணு சேரல, அறுத்துட்டேன். மத்ததெல்லாம் ஒம்போதும் கச்சிதமா எறங்கிருச்சு.”

கான்கிரீட்டில் ஒன்பது போல்ட் ஒரே உயரத்தில், ஒரே தடிமனில் நின்றிருக்கின்றன. பிளேட்டில் ஒன்பது துளை ஒரே மாதிரி இருந்திருக்கின்றன. ஒன்பதிலிருந்து ஒன்று போனால் எட்டு. ஜெகபர் அலியின் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

“பாய், ஒரு ஸ்பேனர் குடுங்க” என்றேன்.

மூன்றாவது தூணுக்குப் போய், குறுகிய பக்கத்தின் நடுவில் இருந்த நட்டில் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். தூணை முழுசாக நேர் பார்த்த பிறகுதான் இறுக்குவார்கள் என்பதால் எல்லா நட்டும் அப்போதைக்கு லேசாகத்தான் பிடித்திருந்தது. நட்டு மட்டும் சுற்றவில்லை, அதோடு போல்ட்டும் சேர்ந்து சுற்றியது. இரண்டு சுற்றுக்கு அப்புறம் கையாலேயே மேலே இழுத்தேன். சொத்தைப் பல் மாதிரி வந்தது. கான்கிரீட்டுக்குள் போயிருந்தது நாலு விரல் ஆழம். அடியில் சிமென்ட் பொடியாக உதிர்ந்தது.

ஜெகபர் அலி அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்து, கையை அசைத்தார். “எல்லாம் கீழ எறங்கு. உடனே. தகட்ட அப்படியே போட்டுட்டு எறங்கு.” நாலு பேரும் இறங்கி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றோம். காற்று ஒவ்வொரு முறை வீசும்போதும் தகடு படபடத்தது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?” என்று அப்புறம்தான் கேட்டார்.

“தெரியும் பாய். நான்தான் ஓட்டை போட்டேன்.”

அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெரியண்ணன் காரில் வந்து இறங்கினார். யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள். வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்து, நான் பிடுங்கிப் போட்ட துண்டு போல்ட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“எதுக்குய்யா இத நோண்டுன? மூணு தூண்ல ஒரு போல்ட் கொறஞ்சா குடியா முழுகிடும்? ஏழு நிக்குதுல்ல. அடில கிரௌட் கலவைய ஊத்தி, மேல சிமென்ட் பூசி, கிரானைட் ஒட்டிட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல. ஆவணில மொத முகூர்த்தம், என் தங்கச்சி பேத்திக்கு. பத்திரிகையே அடிச்சாச்சு.”

“மேடத்துக்குச் சொல்லணும்ங்க.”

“அந்தப் புள்ளைக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா நிறுத்திடும். உனக்கும்தான் என்ன வந்துச்சு? உன் பேரு எங்கயாச்சும் இருக்கா?”

இல்லை. அதுதான் உண்மை. படத்தில் யாழினியின் கையெழுத்து இருந்தது. மேஸ்திரி வேலைக்கு ஜெகபர் அலியின் பெயர் இருந்தது. துளை போட்டவன் பெயரை யாரும் எங்கும் எழுதுவதில்லை. கிரானைட் ஒட்டிவிட்டால் அந்த ஒன்பதாவது துளை உலகத்திலேயே இல்லை. பெரியண்ணனின் வெற்றிலைக் கறை படிந்த பல்லையும், மோதிரத்தையும், காலால் தள்ளிய அந்த போல்ட்டையும் பார்க்கப் பார்க்க ஓங்கரித்துக்கொண்டு வந்தது. ஆனால் இந்த ஆள் இப்போது சொல்வதைத்தான் நானும் வைகாசியில் எனக்குள் சொல்லிக்கொண்டேன். டம்மிதானே, தொலையட்டும். அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாம். அவர் வாயால் சொன்னார், நான் வாயைத் திறக்காமல் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போனை எடுத்தேன். பெரியண்ணன் என் கையைப் பிடித்தார். ஈரமான, கொழகொழத்த கை. உதறினேன்.

“மேடம், நான் தைரியராஜ் பேசுறேன். சைட்ல இருக்கேன். நீங்க கொஞ்சம் வரணும். உங்க படத்துல இல்லாத ஒரு ஹோல் நான் போட்டிருக்கேன்.”

“மேல ஆள் யாராவது இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“எறக்கியாச்சு மேடம்.”

“வரேன்.”

முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தாள். காற்றில் தலையெல்லாம் மண். முதலில் மூன்றாவது தூணையும் ஏழாவது தூணையும் சுற்றி வந்து பார்த்தாள். அறுத்த போல்ட்டின் அடிக்கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தூணிலும் பொய் போல்ட்டின் நட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தாள். பிறகு பதினொன்றாவது தூணுக்கு வந்து, தொங்கிக்கொண்டிருந்த பிளேட்டுக்கு அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, இது யார் சொன்னது?” பெரியண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

“நான் என்ன இன்ஜினியராம்மா? எட்டு வேணாம்னு சொன்னேன், அது என் நம்பிக்கை. ஓட்டை போட்டது இவரு. தொழில் தெரிஞ்சவருதானே, கூடாதுன்னா கூடாதுன்னு சொல்லியிருக்கணும்.”

நழுவுகிறார் என்று தெரிந்தது. அதற்காக அது பொய்யாகிவிடவில்லை.

“ஆமா மேடம்” என்றேன். “சொல்லியிருக்கணும். உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கணும். பண்ணல.”

அவள் எழுந்து, வேலை நின்றதாக ஜெகபர் அலியிடம் சொன்னாள். எல்லாத் தூணுக்கும் நாலு பக்கமும் கம்பி வடம் இழுத்துக் கட்ட வேண்டும். மிச்சமிருக்கிற பொய் போல்ட் பதினொன்றையும் பிடுங்க வேண்டும். அறுத்த மூன்று இடத்திலும் கான்கிரீட்டைக் குடைந்து புது போல்ட் இறக்க வேண்டும். அது காய்ந்து, சோதனை செய்து முடிய ஆவணி தாண்டிவிடும். பெரியண்ணன் பத்திரிகை, முகூர்த்தம், மானம் என்று கத்தினார். அவள் குரலை உயர்த்தவே இல்லை. “என் கையெழுத்த நான் திரும்ப வாங்கிக்கிட்டா உங்களுக்கு எந்த மாசத்துலயும் முகூர்த்தம் இல்லங்க ஐயா” என்றாள். அவர் காருக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்.

அப்புறம் என்னிடம் வந்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். “நடந்தத எழுதிக் குடுங்கண்ணா. ஃபைல்ல வைக்கணும்.”

பிளேட்டில் கோடு கிழித்தே பழகிய கை. வண்டி சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினேன். படத்தில் இல்லாத துளை பன்னிரண்டை, பொறியாளருக்குத் தெரிவிக்காமல், நான் போட்டேன். எழுதும்போதே எனக்கு என் மேல் வந்த அருவருப்பு, எந்தக் கேஸ் கட்டிங் துளையின் மேலும் வந்ததில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு மடித்துக்கொண்டாள்.

“தப்பு என்கிட்டயும் இருக்குண்ணா” என்றாள். “பிளேட்டெல்லாம் சைட்டுக்கு வந்து எறங்கின அன்னிக்கே நான் செக் பண்ண வந்தேன். அடுக்கி வெச்சிருந்தாங்க. மேல இருந்ததுல ஒரு ஹோல்ல விரல விட்டுப் பாத்தேன். உங்க கைன்னு தெரிஞ்சுது. அப்புறம் எண்ணவே இல்ல, கிளம்பிட்டேன்.”

நான் பேனாவை மூடி அவளிடம் நீட்டினேன்.

“கேஸ்ல அறுத்திருந்தா எண்ணியிருப்பேன்” என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ஜெகபர் அலியோடு கம்பி வடத்துக்கு இடம் குறிக்கப் போய்விட்டாள். நான் மேக்னட் டிரில்லைத் திரும்ப வண்டியில் கட்டினேன்.

மண்டபம் கார்த்திகையில் திறந்தது. நான் போகவில்லை. யாழினி இப்போதும் எனக்கு வேலை அனுப்புகிறாள். வேறு யாரிடமும் கொடுப்பதில்லை என்று கேள்வி. படங்கள் முன்பைப் போலவே சுத்தமாக இருக்கின்றன, என் துளைகளும் அப்படியே. ஆனால் லாரி வருவதற்கு முன்னால் அவளே ஷெட்டுக்கு வந்துவிடுகிறாள். துளைக்குள் விரலை விட்டுப் பார்ப்பதில்லை. படத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிளேட்டாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுகிறாள். எண்ணி முடித்து அவள் தலையாட்டும்வரை நான் வெளியே ரோட்டில் போய் நிற்கிறேன்.